பா பெ ஏரிக்கரைக் கிராமம்: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

தெம்பனிஸ் உறுப்பினர்

சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் கணவரும் எங்கள் இரு பிள்ளைகளும், 72 வயதாகும் என் அம்மாவும் வட வியட்னாமிலுள்ள பா பெ தேசியப் பூங்காவுக்குச் சென்று, ஏரிக்கரையிலுள்ள பாக் ஙோய் என்னும் சிற்றூரில் இரண்டு இரவுகள் தங்கினோம். சிங்கப்பூரிலிருந்து ஹனோய்க்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஹா லாங் விரிகுடாவையும் சாப்பாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால், இந்த ஊரைப் பற்றித் தமிழில் கேட்டறிய எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

ஹனோயிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் போக வேண்டும். முதல் பகுதி விரைவுச்சாலை என்பதால் களைப்புத் தெரியவில்லை. பிறகு மலைப்பாதை தொடங்கியதும் சின்னவன் இரண்டு முறை வாந்தியெடுத்தான். அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த உப்பிட்ட எலுமிச்சை ஊறுகாய்தான் அவனை ஊர் வரை கொண்டு சேர்த்தது. வழியில் சோ ரா என்னும் சிறுநகரில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டோம். கையில் ரொக்கம் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் ஊருக்குள் பணம் எடுக்கும் இயந்திரம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

பாக் ஙோயில் வாழ்பவர்கள் தாய் இனத்தவர். தாய்லாந்து மக்கள் அல்லர் என்றாலும் இருவர் மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயரைக் கேட்டதும் என் அம்மா, “நல்ல பெயராகத்தான் வைத்திருக்கிறார்கள்” என்று சிரித்தார். வீடுகள் மரத்தூண்களின்மேல் உயர்ந்து நிற்கின்றன. கீழே மோட்டார் சைக்கிளும் விறகும் கோழிகளும். மேலே பலகைத் தரையில் மெத்தையும் கொசுவலையும் கனத்த போர்வைகளும். குளிர் காலத்தில் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: பலகைகளின் இடுக்கு வழியே இரவு முழுதும் காற்று வரும், அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. அறைக் குளிரூட்டியின் குளிரை மட்டுமே அறிந்த என் பிள்ளைகள் காலுறை, தொப்பி சகிதம் தூங்கினார்கள். விடியற்காலையில் சேவல் எங்கள் தலைக்கு நேர் கீழேதான் கூவியது.

உணவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை இருந்தது. அம்மா வெள்ளி, சனிக்கிழமைகளில் சைவம். ‘ஆன் சாய்’ என்றால் சைவ உணவு என்று வியட்னாமியர் அனைவருக்கும் தெரியும், அவர்களிலும் பலர் பௌர்ணமி, அமாவாசையையொட்டிச் சைவம் உண்கிறார்கள் என்று படித்திருந்தேன். சொல்லும் புரிந்தது, தலையும் அசைந்தது. ஆனால் மேசைக்கு வந்த கீரைப் பொரியலில் பன்றிக்கொழுப்பின் வாசம் வீசியது. அந்த வீட்டுச் சமையலில் இறைச்சித் துண்டு இல்லாததுதான் சைவம் போலும். மறுவேளை நானே சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் புட்டியையும் மீன் சாற்றையும் தொட்டுக் காட்டி, ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று கைகாட்டியபின், வேகவைத்த பூசணித்தளிரும் மூங்கில் குருத்தும் வறுத்த நிலக்கடலையும் வந்தன. மூங்கில் குழாயில் சுட்ட ஒட்டரிசிச் சோற்றை அம்மா எள்ளுப்பொடியோடு சாப்பிட்டார். நாங்கள் அசைவர்கள் ஆகையால் ஏரியில் பிடித்த சிறுமீன்களை மொறுமொறுப்பாகப் பொரித்துத் தந்ததை ஒன்றுவிடாமல் தின்றோம்.

மறுநாள் காலை, மூடுபனி கலைவதற்கு முன்பே படகேறினோம். ஏரி சுமார் 8 கிலோமீட்டர் நீளமுடையது. மூன்று பகுதிகளாகத் தொடர்வதால்தான் ‘மூன்று ஏரி’ என்று பொருள்படும் இந்தப் பெயர். படகோட்டியவர் அந்த ஊர்ப் பெண்மணி. நீர்நடுவே மரம் அடர்ந்த ஒரு சிறு திட்டு அருகே இயந்திரத்தை அணைத்துவிட்டு, கைப்பேசி மொழிபெயர்ப்பின் உதவியோடு ஒரு கதை சொன்னார். முன்னொரு காலத்தில் இங்கே ஏரி இல்லை, ஊர்தான் இருந்ததாம். திருவிழா நாளில் தொழுநோயால் அழுகிய உடம்போடு பிச்சை கேட்டு வந்த கிழவியை எல்லோரும் விரட்ட, ஏழைக் கைம்பெண் ஒருத்தி மட்டும் சோறிட்டுப் படுக்க இடம் தந்தாளாம். வந்தவள் மனிதப் பிறவியே அல்ல. வீட்டைச் சுற்றித் தூவச் சாம்பலும், கூடவே இரண்டு நெல் உமியும் கொடுத்துவிட்டு மறைந்தாள். அன்றிரவு நிலம் பிளந்து வெள்ளம் ஊரை விழுங்கியபோது, சாம்பல் தூவிய வீடு மட்டும் திட்டாக நின்றது. உமிகள் இரண்டும் படகுகளாகிவிட, தாயும் பிள்ளையும் அவற்றில் போய்த் தங்களால் இயன்றவரைக் கரையேற்றினார்களாம். எங்கள் எதிரே இருந்ததுதான் அந்தக் கைம்பெண் தீவு. கதையை நான் தமிழில் சொல்லி முடித்ததும், “வைகை பெருகியபோது வந்திக் கிழவிக்கு ஆள் வந்தது போலத்தான்” என்றார் அம்மா. பிட்டுக்கு மண் சுமந்த கதையில் கிழவிக்கு உதவ வந்தவர் பிரம்படி பட்டார், இங்கே பிச்சைக்காரி ஊரையே மூழ்கடித்துவிட்டாளே என்று பெரியவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டுக்காரரின் தாயார், எண்பதைத் தொட்டவராக இருக்கலாம், அடுப்பருகே அமர்ந்து ஒரு தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த என் அம்மா, பல்லைக் காரணங்காட்டி வெற்றிலையை விட்டு ஏழெட்டு ஆண்டுகளாகின்றன. ஒன்றும் பேசாமல் எதிரே போய் உட்கார்ந்து, ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பையும் நுனியையும் கிள்ளி, முதுகுப்புறத்தைச் சேலையில் துடைத்துச் சுண்ணாம்பு தடவினார். அந்தப் பாட்டி அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். தாம் நுனி கிள்ளாமல் முழு இலையையே சுருட்டுவதைக் காட்டினார். பிறகு இருவரும் தாம் மடித்ததை மற்றவரிடம் நீட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒருவர் தமிழிலும் ஒருவர் தம் மொழியிலுமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மொழிபெயர்க்கக் கைப்பேசியை நீட்டிய என்னை அம்மா கையசைத்து அனுப்பிவிட்டார்.

ஈசூன் உறுப்பினர்

மேலே எழுதியவர் கண்ட ஏரியும் நான் கண்ட ஏரியும் ஒன்றுதானா என்று ஐயமாக இருக்கிறது. நான் நண்பர்கள் இருவரோடு ஜூலை மாதம் போனேன். பச்சை நிற நீர் என்று படங்களில் பார்த்துவிட்டுப் போன எங்களை வரவேற்றது தே தாரேக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) நிறத்து வெள்ளம். மழைக்காலத்தில் நாங் ஆறு பெருகும்போது அதன் நீர் ஏரிக்குள் எதிர்த்து ஏறுகிறது. ஏரி அதை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடுவதால், கீழேயுள்ள ஊர்களுக்கு வெள்ளத்தின் வேகம் குறைகிறது. இதைத் தங்கிய வீட்டுக்காரர் விளக்கியபோது எங்கள் ஏமாற்றம் பாதியாகக் குறைந்தது என்றே சொல்ல வேண்டும்.

புவியியல் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் இருப்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். அத்தகைய பாறையில் நீர் தங்காது. விரிசல் வழியே இறங்கிக் குகைகளை அரித்துக்கொண்டு போய்விடும். இங்கே மட்டும் ஏரி நிற்பதற்குக் காரணம், அடியில் படிந்துள்ள களிமண் விரிசல்களை அடைத்திருப்பதுதான். அதே பாறையை நீர் துளைத்தால் என்னவாகும் என்று பார்க்கப் புவோங் குகைக்குப் போகலாம்: நாங் ஆறு ஏறத்தாழ 300 மீட்டர் தூரம் மலைக்குள்ளேயே ஓடுகிறது, படகு அதன் வழியாகச் செல்கிறது. கூரையில் தொங்கும் வௌவால்களின் எச்ச நாற்றத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன், கைக்குட்டை கொண்டுபோங்கள்.

மழையால் எங்களுக்கு ஒரு நாள் வீணானது. திரும்பும் பாதையில் மண் சரிந்து, நான்கு மணி நேரம் வண்டியிலேயே காத்திருந்தோம். ஹனோயில் அன்றிரவு விமானத்தைத் தவறவிட்டு, மூவரும் புதிய பயணச்சீட்டு வாங்க நேர்ந்தது. மே முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள், ஏரியிலிருந்து நேராக விமான நிலையத்துக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டு, ஹனோயில் ஓர் இரவை இடையில் வைத்துக்கொள்வது நல்லது. 1992-இல் தேசியப் பூங்காவாகி, 2011-இல் ராம்சார் ஈரநிலமாகவும் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட இடம் ஆயிற்றே, விலங்குகள் நிறைய தென்படும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கருங்குரங்கு வகை ஒன்று அங்குள்ள பாறைகளில் வாழ்கிறது. நாங்கள் கண்டதெல்லாம் அட்டைகளைத்தான்.

உட்லண்ட்ஸ் உறுப்பினர்

சீனப் புத்தாண்டு நீண்ட விடுமுறையில் போக நினைப்பவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். நமக்குச் சீனப் புத்தாண்டு என்றால் அவர்களுக்கு ‘தெத்’. ஓட்டுநர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். விருந்தினரை ஏற்கும் வீடுகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். நானும் மனைவியும் அது தெரியாமல் போய், மூன்று வீடுகளில் கைவிரித்தபின், நான்காம் வீட்டில் கூடத்தின் ஓரத்தில் திரை கட்டிக்கொடுத்த இடத்தில் படுத்தோம். பணம் வாங்க மறுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் கொடுத்தபோது மட்டும் மறுக்க முடியவில்லை. அங்பாவ் உறைகளைப் பெட்டியில் வைத்திருந்த மனைவியின் முன்யோசனை அன்று கைகொடுத்தது.

புத்தாண்டு கழிந்து ஒன்றிரண்டு வாரங்களுக்குள் போனால் ‘லோங் தோங்’ விழாவைக் காணலாம். அந்த இனத்தவர் ஆண்டில் முதன்முதலாக வயலில் இறங்கும் சடங்கு அது. தஞ்சாவூர்ப் பக்கம் சித்திரையில் பொன்னேர் பூட்டுவார்கள் என்று என் தாத்தா சொல்வதுண்டு, ஏறக்குறைய அதேதான். ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளில் ஏரியில் பந்தயமும் விடுகிறார்கள்.

தெம்பனிஸ் உறுப்பினர்

அங்பாவ் யோசனைக்கு நன்றி. அம்மா மறுபடியும் போக வேண்டும் என்கிறார், அதுவும் மழைக்காலம் முடிந்ததும் அக்டோபரில். மகன் வாந்தியெடுப்பான் என்று சொல்லிப் பார்த்தேன். அவனை விட்டுவிட்டுப் போகலாம் என்று பதில் வந்தது. நேற்றுத் தேக்கா சந்தைக்குப் போனவர், அரைக் கவுளி வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் விலை கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வெற்றிலையை விமானத்தில் கொண்டுபோய் அந்நாட்டுக்குள் இறக்க அனுமதி உண்டா என்று தெரிந்தவர் யாரேனும் எழுதினால் உதவியாக இருக்கும்.