பழைய பெட்ரோல் பம்பின் கண்ணாடிகள்: 'ஜன்னல் கண்ணாடி' பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

பழைய பெட்ரோல் பம்புகளைப் புதுப்பிக்கும் பட்டறைகளுக்கான சொற்பட்டியலில், 'விண்டோ கிளாஸ்' என்பதற்குக் காட்பாடி அன்பர் 'ஜன்னல் கண்ணாடி' என்று எழுதியிருக்கிறார். எளிய சொல்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வேலூரில் எந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும், வீட்டு ஜன்னலுக்கு வெட்டுகிற சாதாரணக் கண்ணாடியைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதைவிடப் பெரிய குறை, ஒரே பம்பில் உள்ள வெவ்வேறு கண்ணாடிகளை அந்தச் சொல் ஒன்றாக்கிவிடுவது.

1930களில் பரவிய, தொகையையும் கணக்கிட்டுக் காட்டும் பம்புகளை எடுத்துக்கொள்வோம். எத்தனை காலன், என்ன தொகை என்று சுழலும் எண்களை மூடி நிற்பது ஒரு கண்ணாடி. மழையையும் தூசியையும் தடுப்பதே அதன் வேலை, பெட்ரோல் அதன்மேல் படுவதில்லை. மற்றொன்று 'சைட் கிளாஸ்' (sight glass): பெட்ரோல் ஹோஸுக்குப் போகும் வழியில் அமைந்த சிறிய கண்ணாடிக் கூடு. உள்ளே சுழலும் குட்டிச் சக்கரத்தைப் பார்த்து, காற்றுக் குமிழி இல்லாமல் பெட்ரோல் ஓடுகிறதா என்று வண்டிக்காரர் தெரிந்துகொள்வார். முன்னதைச் சாதாரண ரப்பர் பீடிங்கில், அதாவது கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் பட்டையில், பொருத்தலாம். பின்னதற்கு அதே ரப்பரைப் போட்டால் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வேண்டும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் வைத்தாலோ, நாளடைவில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். பெயர் குழம்பினால் பொருள் மாறும், பொருள் மாறினால் பெட்ரோல் கசியும் என்பதால், இதை வெறும் சொல்லழகுச் சிக்கலாக நான் கருதவில்லை.

எண்களை மூடும் கண்ணாடிக்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் 'முகக் கண்ணாடி' முகம் பார்க்கும் கண்ணாடியையும், 'முகப்புக் கண்ணாடி' லாரியின் முன்கண்ணாடியையும் நினைவூட்டுகின்றன. 'காப்புக் கண்ணாடி' என்பதை ஏற்றால், உடைந்தாலும் சிதறாத பாதுகாப்புக் கண்ணாடியோடு மோதும். 'எண்முகக் கண்ணாடி' கேட்க நன்றாக இருந்தாலும், பள்ளியில் எண்முகி படித்தவர்கள் எட்டு முகங்களைத் தேடுவார்கள். ஆகவே எண்கள் தெரியும் பகுதியை 'அளவுமுகப்பு' என்றும், அதை மூடுவதை 'அளவுமுகப்புக் கண்ணாடி' என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து. நீளம்தான், பட்டறையில் எப்படியும் அதை 'முகப்பு' என்று சுருக்கிவிடுவார்கள், அங்கே லாரிக் குழப்பம் வராது. இரண்டாவதற்குத் திசைகாட்டி, நாள்காட்டி வழியில் 'ஓட்டங்காட்டி' பொருந்தும். 'போக்குகாட்டி' என்ற பரிந்துரையை ராணிப்பேட்டை அன்பர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

பழையதற்குப் பதிலாகப் பொருத்தும் 'மாற்றுக் கண்ணாடி' என்பதைத் தனிச்சொல்லாகப் பதிய வேண்டியதில்லை. ஆனால் விளக்கக் குறிப்பில் பொருத்தும் முறையைச் சேர்த்தே ஆகவேண்டும். சட்டத்துக்குப் பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகே அளவெடுக்க வேண்டும்; பெயின்ட் ஏறிய பள்ளம் குறுகியிருக்கும் என்பதைப் பலர் மறந்து, இறுக்கமான கண்ணாடியை அழுத்தி மூலையில் விரிசல் விடச் செய்கிறார்கள். அட்டையில் படிவம் வெட்டி, பள்ளத்தில் பீடிங்கோடு வைத்துப் பார்த்து, நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைத்துக் கண்ணாடியை வெட்டினால் அது பீடிங்குக்குள் நெருக்கமின்றி அமரும். சூடேற்றிப் பதப்படுத்தி வலுவாக்கிய 'டஃபன்' கண்ணாடியை வாங்கிவந்து வெட்ட முடியாது. வெட்டுவதும் துளையிடுவதும் பதப்படுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய 'லேமினேட்டட்' வகையைக் கடையிலேயே வெட்டித் தருவார்கள். அதன் ஓரத்தில் ஈரம் ஏறினால் வெளுக்கும் என்பதால் மழைநீர் தேங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

'பீடிங்' என்பதை அப்படியே விட்டுவிடலாம். கடைக்காரருக்கும் தச்சருக்கும் அதுவே வாய்ப்பழக்கம். 1920களில் நிலவிய, கையால் அடித்து மேலே ஏற்றிய பெட்ரோலை உயரமான கண்ணாடி உருளையில் காலன் காலனாகக் காட்டிய பம்புகளுக்கு 'ஓட்டங்காட்டி' பொருந்தாது. அங்கே தெரிவது ஓட்டமன்று, அளவு. அந்த உருளைக்கு 'அளவுருளை' என்று வைப்பதில் வேதியியல் ஆசிரியர்களுக்கு மறுப்பு இருக்கலாம். ஆய்வகத்தில் அந்தப் பெயர் வேறொரு கருவிக்கு வழங்குகிறது. ஆம்பூர் அன்பர் வேதியியல் கற்பிப்பவர் என்பதால், அவருடைய கருத்தைப் பெற்ற பின் அதை முடிவு செய்யலாம்.