புதுப்பிப்பு: நூலக வகுப்புக்குப் பின் மாணவர்களின் நம்பிக்கையை எப்படி அளப்பது?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்து, "நூலகத்தைப் பயன்படுத்தத் தெரியுமா?" என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னால், எல்லோரும் 5 போடுகிறார்கள், மறுவாரமே வழி தெரியாமல் கவுன்ட்டரில் நிற்கிறார்கள் என்று.

நீங்கள் சொன்னபடி இந்த முறை தாளோடு ஒரு சீட்டும் கொடுத்தேன். அதில் ஒரு தமிழ் நாவலின் எண், அதாவது அலமாரியில் புத்தகம் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்: 894.8113. போய் எடுத்து வர வேண்டும்.

5 போட்டிருந்த ஒரு பெண் தமிழ் அலமாரியைத் தாண்டி, 894.827-இல், தெலுங்குப் புத்தகங்களுக்கு நடுவில் தேடிக்கொண்டிருந்தாள். "சார், 827-ஐவிட 8113 பெருசுதானே?" புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும் என்பதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. தவறு என்னுடையது. சொன்னதும் தானே திரும்பிப் போய் எடுத்து வந்தாள். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

தானே செய்து ஜெயிப்பதில்தான் நம்பிக்கை வலுவாக ஊறுகிறது என்று உளவியலாளர் பாண்டுரா 1977-இலேயே எழுதினார். அதனால் இனி தேடல் முதலில், மதிப்பெண் பிறகு. "வகுப்புக்கு முன் எப்படி இருந்தீர்கள்?" என்பதையும் கடைசியில்தான் கேட்கிறேன், தெரியாதது எதுவென்று அப்போதுதான் அவர்களுக்கே புரிகிறது.

அடுத்து, நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இதேபோல் ஒரு சீட்டோடு அழைத்துப் போகப் போகிறேன். பழகாத இடத்திலும் அந்த நம்பிக்கை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.