சாருலதா பார்த்துவிட்டு வீடு திரும்பிய ராத்திரி: உங்கள் அனுபவம்?

முத்தியால்பேட்டைக்காரி:
சாருலதா தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், அதனால் கதையை நீட்டவில்லை. சத்யஜித் ராயின் வங்காளப் படம்: பத்திரிகையே கதியென்று கிடக்கும் பூபதி, பகலெல்லாம் தனியாக ஜன்னல் ஜன்னலாகப் போய் நிற்கும் மனைவி சாரு, அவள் மனசைப் பறிக்கும் அவன் தம்பி முறை அமல். புதுச்சேரியில் ஒரு சின்ன ஹாலில் திரையிட்டார்கள். வர மாட்டேன் என்ற வீட்டுக்காரரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கடைசியில் சாரு கையை நீட்ட, பூபதியும் நீட்ட, இரண்டு கையும் சேர்வதற்குள் படம் உறைந்து நிற்குமே, அங்கே இவர் சத்தமாக, "என்னப்பா, மிஷின் நின்னுபோச்சா?" என்றார். ஹாலே சிரித்தது. எனக்கு மானம் போச்சு. வரும் வழியில் அஜந்தா சிக்னலில் வண்டி நின்றது. தலையைத் திருப்பாமலே கேட்டார்: "நீயும் பகல்ல அந்த மாதிரி ஜன்னல் ஜன்னலா போய் நிப்பியா?" பச்சை விழுந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. ஆறு வருஷம் ஆச்சு.

திருப்பாப்புலியூர்:
எனக்கு அது தூர்தர்ஷன் படம். ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்களே, அந்தக் காலம். அம்மாவுக்கு வங்காளமும் தெரியாது, கீழே ஓடுகிற இங்கிலீஷும் தெரியாது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாரு கைப்பிடி வைத்த, பைனாகுலர் மாதிரியான கண்ணாடியில் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். அப்புறம் பூபதி புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கடந்து போகிறான், அவள் நிற்பதே தெரியாமல். அவனையும் அதே கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். அம்மாவின் கை நின்றது. "கட்டினவனப் பாக்கவே கண்ணாடி வேண்டியிருக்கு பாரு" என்றார். அப்பா பக்கத்தில் ஈஸிசேரில்தான் இருந்தார். முகத்துக்கு நேரே பிடித்த பேப்பரை இறக்கவில்லை.

மஞ்சக்குப்பம் அச்சகம்:
எல்லோரும் சாருவுக்கே உச்சுக்கொட்டுகிறீர்கள். பூபதி குடித்தானா, அடித்தானா? பத்திரிகைப் பைத்தியம், அவ்வளவுதான். மைத்துனன் உமாபதா பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். சரி, தம்பி முறை அமலாவது இருக்கிறான் என்று பார்த்தால் அங்கேயும் இடி. நானும் கூட்டாளியை நம்பி அச்சகம் வைத்து மூடினவன். பூபதி குதிரை வண்டியில் போக்கிடம் தெரியாமல் சுற்றிக்கொண்டே அழும் இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். முடிவை இன்றுவரை பார்க்கவில்லை. திருப்பாப்புலியூர் நண்பரே, அந்தப் பேப்பருக்குப் பின்னால் உங்கள் அப்பா எப்படி இருந்தார் என்று யாராவது எட்டிப் பார்த்தீர்களா?

லாஸ்பேட்டை வாத்தியார்:
நான் கல்லூரி நாளில் பார்த்தது, சாரு ஊஞ்சலாடுவது மட்டும்தான் ஞாபகம். அது கிடக்கட்டும். அச்சகம் நண்பர் பூபதிக்கு வக்காலத்து வாங்குகிறார். ராய் அவனைக் கெட்டவனாகக் காட்டவே இல்லையே! எல்லோரும் முதலில் மூலக்கதையைப் படியுங்கள். தாகூர் 1901ல் எழுதிய 'நஷ்டநீட்', அதாவது கலைந்த கூடு. படம் 1964. கதையில் நீட்டிய கையெல்லாம் கிடையாது. பூபதி மைசூருக்குப் பத்திரிகை வேலையாகக் கிளம்புகிறான். என்னையும் கூட்டிப் போங்கள் என்கிறாள் சாரு. தயங்குகிறான். பிறகு மனசு கேட்காமல், சரி வா என்கிறான். வேண்டாம், இருக்கட்டும் என்கிறாள். முடிந்தது. இதற்கு அந்த உறைந்த கை எவ்வளவோ தேவலை.
முத்தியால்பேட்டை சகோதரிக்கு: தினமும் சாயந்திரம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை இரண்டு பேரும் நடங்கள். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும். வண்டியில் பேசக் கூடாது, முகம் பார்த்துப் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சமையலை அவரிடம் விட்டுப் பாருங்கள். கோபமாக இருக்கும்போது பழசைக் கிளறாதீர்கள்.

புதுப்பாளையம்:
அமல் புயலோடுதானே வீட்டுக்குள் நுழைவான்? 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் அடித்தபோது எங்கள் வாசல் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. ஓடு பறக்கிறது, பிள்ளைகள் அலறுகிறார்கள், என் மண்டைக்குள் "ஹரே முராரே!" என்று அமல் கத்துகிறான். அமல் வரவில்லை, முருங்கை மரம்தான் வந்து விழுந்தது. கரண்ட் போனது போனதுதான், நாள் கணக்கில். ஒரு ராத்திரி எங்களுக்குள் வாய்ச்சண்டை. மாமியார் சிம்னி விளக்கோடு நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார். படத்தின் கடைசியில் வேலைக்காரக் கிழவர் விளக்கோடு நிற்பாரே, அதே நிலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு இன்னும் விளக்கவில்லை.

முத்தியால்பேட்டைக்காரி:
வாத்தியார் ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. அவருக்கு சுகர் வந்ததிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்துகொண்டுதான் இருக்கிறோம். பேச்சு வரவில்லை, மூச்சுதான் வாங்குகிறது. புதுப்பாளையம், நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். முருங்கை மரத்துக்குச் சிரித்தார். "அந்த ஊஞ்சல் பொண்ணு படமா?" என்றார். ஆமாம் என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.