கிறிஸ்துமஸ் நன்றி ஜெபத்துக்கு யோசனை வேணும், கொஞ்சம் உதவுங்க

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் தங்கச்சிமடம் பக்கம், எங்க அன்பியத்துல (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்க சேந்த சின்ன ஜெபக் குழு) ஜெபம் நடத்துற பொறுப்பு எங்கிட்ட இருக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த திருவருகைக்காலம் நாலு வாரமும் வீடு வீடா கூடும்போது ஒவ்வொருத்தரும் ஒரு நன்றி சொல்லணும்னு வச்சிருக்கோம், பிள்ளைங்க குடில் பக்கத்துல ஒரு டப்பா வச்சு அதுல நன்றிச் சீட்டு எழுதிப் போடுதுங்க, அதெல்லாம் நல்லாத்தான் போகுது.

ஆனா இப்ப வாடைக்காத்து நேரம், பல நாள் கடலுக்குப் போக முடியல, கையில காசு இல்ல. ஒரு வீட்டுல அண்ணன் கடல்ல பிடிபட்டு இன்னும் திரும்பல, அந்த அக்காகிட்ட போய் எதுக்கு நன்றி சொல்றீங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. கேக்கவும் கூடாதுன்னுதான் நினைக்கிறேன்.

லூக்கா 17ல வர்ற பத்து தொழுநோயாளர் பகுதியத்தான் எல்லாரும் எடுப்பாங்க, ஆனா அது சுகமானவங்க கதை. அதான் திருப்பாடல் 107 வாசிக்கலாம்னு இருக்கேன், 23லருந்து 32 வரைக்கும் கடலுக்குப் போறவங்களப் பத்தியே வருது, புயல்ல தள்ளாடி முதல்ல கூக்குரல் போடுறாங்க, கரை சேந்த பிறகுதான் நன்றி. அந்த அழுகைக்கும் ஜெபத்துல இடம் வேணும்ல.

பாம்பன், மண்டபம், ஓரியூர் பக்கம் இப்படி நடத்துனவங்க இருந்தா சொல்லுங்க, அந்தக் குடும்பத்தை ஒதுக்காம, கட்டாயமும் படுத்தாம எப்படிச் சேத்துக்கிட்டீங்க? டிசம்பர் 31 ராத்திரி நன்றி வழிபாட்டுக்கு சின்ன மன்றாட்டு எழுதி வச்சிருந்தாலும் அனுப்புங்க.