யாரும் திரும்பிப் பார்க்காத காடிகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாயா தெருபோங், பினாங்கு

என் தங்கை மகன் முதல் காடி வாங்கப் புறப்பட்டிருக்கிறான். மேனுவல் கியர்தான் வேண்டுமாம். கையில் இருப்பது கொஞ்சம் ரொக்கம். அவன் மனதில் இரண்டே காடிகள்தான்: புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ, இல்லாவிட்டால் பெரோடுவாவின் கெலிசா. இரண்டும் நல்ல காடிகள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பேர் எடுத்த காடி என்றால் அந்தப் பேருக்கும் சேர்த்துத்தான் விலை கேட்கிறார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவனை என் சத்ரியா நியோவில் ஏற்றிக்கொண்டு, பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பாஹாங் போனேன். அங்கிருந்து பாலிக் புலாவ் வரைக்கும் அவனையே ஓட்டச் சொன்னேன். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், ஈரமும் காய்ந்த இலையும் கிடக்கும். முதல் நாலைந்து வளைவுகளில் பயந்து பயந்து பிரேக் போட்டான். தித்தி கெராவாங் தாண்டியதும் பேச்சே இல்லை. இரண்டாவது, மூன்றாவது கியருக்குள்ளேயே வைத்து எஞ்சினைச் சுற்ற விட்டான். சாலையில் என்ன நடக்கிறது என்பதை ஸ்டீயரிங் கைக்குச் சொல்லிக்கொண்டே வரும். பின் சக்கரங்கள் முரண்டு பிடிக்காமல் கூடவே வரும். பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் பிடித்திருக்கும் அமைப்பு, இருப்பதால் வரும் நிதானம் அது. அந்த விலைக்குக் கிடைக்கும் பழைய சின்னக் காடிகளில் இதை அதிகம் பார்க்க முடியாது.

அப்புறம் ஏன் யாரும் தேடுவதில்லை? உள்ளே இருக்கும் புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சின்தான் காரணம். 2006-இல் வந்த முதல் நியோவில் 110 குதிரைசக்தி. தாழ்ந்த சுற்றில் இழுவை குறைவு என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது, அது பொய்யும் இல்லை. 2009-இல் வந்த சிபிஎஸ் எஞ்சினில் (சுற்று ஏறும்போது வால்வுகள் அதிகம் திறக்கும் வகை) 125 ஆனது. ஆனால் எஞ்சின் மாறினாலும் பழைய பேச்சு மாறவில்லை. நியோவை வைத்து புரோட்டோனுக்காகக் கட்டிய எஸ்2000 பிரிவு ரேலி காடியில்தான் அலிஸ்டர் மெக்ரே 2011-இல் ஆசிய பசிபிக் ரேலி பட்டத்தை வென்றார். அது இரண்டு லிட்டர் எஞ்சினும் நாலு சக்கர இயக்கமும் கொண்ட வேறு பிறவி, நம் வீட்டு நியோவோடு ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் அந்த உடம்பைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். நியோ 1.6 என்பதால் ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 90 வெள்ளி. ஜிடிஐயின் 1834 சிசிக்கு 297 வெள்ளி. முதல் சம்பளக்காரனுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

உங்களிடமும் இப்படி ஒரு காடி இருக்குமே. சொல்லுங்கள், அவனுக்கும் காட்டுகிறேன்.

செந்தூல், கோலாலம்பூர்

அண்ணே, கெலிசா கேட்கிற தம்பி அதே பெரோடுவாவின் கெனாரியை ஏன் பார்க்கவில்லை? இரண்டுக்கும் அதே மூணு சிலிண்டர் 989 சிசி எஞ்சின், அதே 20 வெள்ளி ரோட் டேக்ஸ். உயரமாக, பெட்டி மாதிரி இருப்பதால் ஆன்ட்டி காடி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒன்பது வருஷமாக மேனுவல் கெனாரி ஓட்டுகிறேன். ஜாலான் ஈப்போ நெரிசலில் இதைப் போல நுழைந்து வரும் காடி இல்லை. நாலு மூலையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். தீபாவளிக்கு மாவு டின், எண்ணெய், அம்மா, அத்தை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு குறை உண்டு. உயரத்தால் பக்கக் காற்று பிடிக்கும். பினாங்கு பாலத்தில் பெரிய லாரி கடந்து போனால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பத்துமலை

நான் வளைவுக்காகச் சொல்லவில்லை, சத்தத்துக்காகச் சொல்கிறேன். புரோட்டோன் பெர்டானா வி6.

அப்பா விட்டுப் போன காடி. ஒரு காலத்தில் அமைச்சர்களும் அதிகாரிகளும் கறுப்பு நிறத்தில் இதில்தான் வந்து இறங்குவார்கள். இன்றைக்கு அதே காடியை வாங்க ஆள் இல்லை. உள்ளே இருப்பது மிட்சுபிஷியின் 6ஏ12, இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர். காராக் நெடுஞ்சாலையில் ஏற்றம் பிடிக்கும்போது நாலாயிரம் சுற்றுக்கு மேலே அது பாடும். எந்தப் புதுக் காடியிலும் நான் அதைக் கேட்டதில்லை. கேட்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

பெட்ரோல் குடிக்கும், உண்மை. ரோட் டேக்ஸ் 379 வெள்ளி. பின்பக்கத்து மூன்று பிளக்கை மாற்ற மேலே இருக்கும் காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்ற வேண்டும், அதனால் கூலி கூடும். போமன், அதாவது மெக்கானிக், வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கியர் போட்டால் காடி அதிர்ந்தது. ஒரு பட்டறையில் கியர் பாக்ஸ் போய்விட்டது, மாற்றணும் என்றார்கள். மனசு கேட்கவில்லை. வேறொரு போமனிடம் கொண்டு போனேன். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டே கியரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். எஞ்சின் எகிறி எகிறி உட்கார்ந்தது. "மவுண்டிங்தான் தம்பி, வயசாயிடுச்சு" என்றார். எஞ்சினைத் தாங்கும் அந்த ரப்பரை மாற்றியதும் அதிர்வு நின்றது. அதே கியர் பாக்ஸ்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

பட்டர்வொர்த்

நியோவில் பின் சீட்டு எப்படி? எனக்கு ஆறு வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள். பழைய காடிக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?

பாயா தெருபோங், பினாங்கு

பட்டர்வொர்த் நண்பருக்கு: இரண்டு கதவு, பின்னால் இடம் நெருக்கம். தினமும் பள்ளிக்கு என்றால் வேண்டாம், செந்தூல் தங்கை சொன்ன கெனாரியைப் பாருங்கள். பழசாக ஆக வங்கி யோசிக்கும், ரொக்கத்துக்குத் தயாராக இருங்கள்.

நியோ பார்க்கப் போகிறவர்கள் இரவில் போகாதீர்கள். பகலில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பின் சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பாருங்கள், மல்டிலிங்க் என்பதால் எண்ணிக்கை அதிகம். அவை தளர்ந்திருந்தால் நான் மேலே சொன்ன நிதானம் இருக்காது. பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் விசாரியுங்கள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் (boot) விரிப்பைத் தூக்கி, வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இந்தக் காடியை வாங்கியவர்களில் பலர் இளைஞர்கள், எங்காவது மோதிப் பிறகு சரி செய்தவை நிறைய.

தங்கை மகன் நேற்று ராத்திரி போன் செய்தான். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு 2010 நியோ இருக்கிறதாம், சிபிஎஸ், மேனுவல், சிவப்பு. "மாமா, சனிக்கிழமை வர்றீங்களா?" என்றான். டார்ச் லைட்டை இப்போதே காடியில் எடுத்து வைத்துவிட்டேன்.