பம்ப் அடித்ததும் கை நடுங்கிய கதை

போன மார்கழியில் விடிகாலை மூன்று மணிக்கு வீசிங். படுக்க முடியவில்லை, மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. வாயில் வைத்து உறிஞ்சும் நீல பம்பை (இன்ஹேலர்) நான்கு முறை அடித்தேன், ஐந்து நிமிடத்தில் நெஞ்சு லேசானது, ஆனால் கை நடுங்கி டம்ளரில் வெந்நீர் தளும்புகிறது, நெஞ்சு வேறு படபடவென்று அடிக்கிறது. மருந்து ஓவராகி ஹார்ட்டைப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். காலையில் டாக்டரிடம் சொன்னால் சிரிக்கிறார்! (அப்போது கோபம்தான் வந்தது.)

அப்புறம் விளக்கினார். மூச்சுக்குழாயைச் சுற்றி நம் சொல்பேச்சு கேட்காத மென்தசை இருக்கிறது, வீசிங்கில் அது சுருக்குப்பையின் வாய் மாதிரி இறுகிக்கொள்ளும். பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் அந்தத் தசையின் பீட்டா-2 ஏற்பியில் (செல்லின் மேல் மருந்து ஒட்டுகிற இடம்) போய் ஒட்டுகிறது, அட்ரினலின் ஒட்டுகிற அதே இடம். உடனே செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் கூடி, கால்சியம் குறைகிறது, கால்சியம் இல்லாமல் தசையால் இறுக்கிப் பிடிக்க முடியாது. அதே பீட்டா-2 கைத்தசையிலும் இருக்கிறதே, நடுக்கம் அதனால்தான்.

பதில்: எங்கள் ஆச்சிக்கு இளைப்பு வந்தால் முதலில் திக்காக வரக்காப்பி, கேட்காவிட்டால்தான் டெரிஃபிலின் ஊசி. மூடநம்பிக்கை என்று நான் கிண்டல் செய்ததுண்டு. ஃபார்மசி படிக்கும்போதுதான் தெரிந்தது, டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலினை 1888-ல் கோசெல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பிரித்தெடுத்ததே தேயிலையிலிருந்து, காப்பியில் இருக்கும் காஃபீன் அதற்குப் பங்காளி, வீரியம் கம்மி, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கிற நொதியைத் தியோஃபிலின் தடுக்கிறது, அதனால் தசை தளர்கிறது. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் வாந்தி, இன்னும் கூடினால் வலிப்பு வரைக்கும் போகும், அதனால்தான் இப்போது பம்பையே முதலில் தருகிறார்கள்.

பதில்: எங்கள் தாத்தா ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைப்பார், புகைத்ததும் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பார். இந்தப் பழக்கம் 1802-வாக்கில் மதராசிலிருந்துதான் பிரிட்டனுக்கே போயிருக்கிறது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின், தசையை இறுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் செய்தியை மறித்துவிடும். அதைத் திருத்திச் செய்த இப்ராட்ரோபியம்தான் எனக்கு நெபுலைசரில் (மருந்தை ஆவி மாதிரி ஆக்கித் தரும் மெஷின்) வைத்தார்கள், எனக்கும் வாய் வறண்டது, சிரிப்பு வந்துவிட்டது. யாரும் இலையைத் தேடிப் போகாதீர்கள், அது சுத்த விஷம்.

முதலில் எழுதியவன்: ஒன்றை விட்டுவிட்டேன். 200 முறை அடிக்கிற பம்ப் எனக்கு மாதம் ஒன்று காலியாகிறது என்றதும் டாக்டர் சிரிப்பு நின்றுவிட்டது. தசையைத் தளர்த்தினாலும் குழாயின் உள்வீக்கம் அப்படியே இருக்கும், அதற்கு ஸ்டீராய்டு பம்ப் தினமும் எடுக்க வேண்டும் என்றார். எடுக்கிறேன், வாயும் கொப்பளிக்கிறேன். தைமாதம் வாங்கிய நீல பம்ப் இன்னும் பாதிகூடத் தீரவில்லை.