வெள்ளை ஷூ துவைச்சதும் மஞ்சளாயிடுச்சு, அவசரம்!

ஓட்டைவாளி:
வெள்ளை ஷூ துவைச்சேன். ஈரமா இருக்கும்போது பளிச்சுனுதான் இருந்துச்சு. காஞ்சதும் பார்த்தா அங்கங்க மஞ்சள் திட்டு. மறுபடி துவைச்சாச்சு, இப்ப இன்னும் மோசம். சனிக்கிழமை போட்டுட்டுப் போகணும். என்ன போட்டா போகும்?

நூல்கண்டு:
கேன்வாஸா, மெஷ்ஷா, ரெக்ஸினா? திட்டு துணியிலயா ரப்பர்லயா? எதுல துவைச்சீங்க, எங்க காய வச்சீங்க?

கரிசக்காடு:
வெள்ளை டூத்பேஸ்ட்டும் பழைய பிரஷ்ஷும் போதும் ப்ரோ. வேற ஒண்ணும் வேணாம்.

நூல்கண்டு:
ரப்பர் ஓரத்துக்கு அது சரி. பேஸ்ட்டுல இருக்குற சுண்ணாம்புத் தூள் கேன்வாஸ் இழையில அடைச்சிக்கிட்டா அலசினாலும் வராது.

போர்வெல் பாபு:
தண்ணிதாங்க காரணம். போர் தண்ணியில இரும்பு இருந்தா வெள்ளைத் துணி மஞ்சளாகும். ஒரு வெள்ளை மக்குல தண்ணி பிடிச்சு ராத்திரி முழுக்க வச்சுப் பாருங்க. காலையில அடியில பழுப்பா வண்டல் நின்னா இரும்புதான். அப்படி இருந்தா ப்ளீச் பக்கமே போகாதீங்க, துரு இன்னும் ஏறும்.

ஆய்வுக்கூடம்:
கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு. என்ன துணி, என்ன சோப்பு, எவ்வளவு, எத்தனை அலசல். இதைச் சொல்லாமல் "என்ன போட்டா போகும்" என்றால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். இந்த மாதத்தில் இதே கேள்வி இங்கே எத்தனையாவது முறை?

ஓட்டைவாளி:
சாரி. கேன்வாஸ். ரப்பர் ஓகே, துணியில மட்டும். முன்னாடி ரப்பர் ஒட்டுற ஓரம், அப்புறம் தையல். சோப்புத் தூள், ரெண்டாவது தடவ கொஞ்சம் ப்ளீச்சும். மொட்டமாடி வெயில். தண்ணி கார்ப்பரேஷன் தண்ணி.

நூல்கண்டு:
அப்ப பாபு சொல்ற இரும்பு இல்ல. அலசாம தங்கின சோப்பு, அதுக்கு மேல ப்ளீச். கேன்வாஸ் பெரும்பாலும் ரெண்டு அடுக்குத் துணி, நடுவுல பசை. சோப்புத் தண்ணி உள்ள நின்னுடும். காயும்போது தண்ணி மேல வந்து ஆவியாகும். அதோட வர்ற சோப்புக் காரமும் பசை அழுக்கும் எங்க கடைசியா காயுதோ அங்க தங்கிடும். உங்களுக்குத் தையல்லயும் ரப்பர் ஓரத்துலயும் வந்தது அதனாலதான். வெயில்ல வச்சா அது இன்னும் வேகமா மஞ்சளாகும்.

லேஸ், உள் அட்டை ரெண்டையும் கழட்டிடுங்க. ப்ளீச் வாடை சுத்தமா போற வரைக்கும் வெறும் தண்ணியில அமுக்கி அமுக்கி அலசுங்க, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணி. அப்பவும் வாடை இருந்தா மீன் தொட்டிக் கடையில குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் கிடைக்கும், பெரும்பாலும் ஹைப்போ கல்லுதான் (சோடியம் தயோசல்பேட்). அரை வாளித் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன், 10 நிமிஷம், திரும்ப நல்லா அலசணும். அதுக்கப்புறம்தான் வினிகர்: 1 கப் வெள்ளை வினிகருக்கு 4 கப் தண்ணி, 20 நிமிஷம் ஊறட்டும். மறுபடி அலசல்.

பிழிய வேணாம். உள்ள துண்டைத் திணிச்சு ஈரத்தை எடுங்க. வெளிய வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரத்தோட ஒட்டிச் சுத்தி, ஃபேனுக்கு அடியில நிழல்ல வைங்க. வர்ற மஞ்சள் பேப்பர்ல இறங்கிடும், துணியில தங்காது. நியூஸ் பேப்பர் கூடாது, மை ஒட்டும்.

ஆய்வுக்கூடம்:
"அதுக்கப்புறம்தான்" என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். ப்ளீச் ஈரத்தோடு வினிகரில் முக்கினால் குளோரின் வாயு வரும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறவர்கள் உண்டு. ஹைப்போவையும் வினிகரையும் ஒரே வாளியில் ஊற்றினாலும் கந்தக நெடிதான். பள்ளிக்கூடப் பாடம்.

மணிமாலா:
எல்லாம் முடிஞ்சப்புறம் ரெண்டு சொட்டு நீலம் போட்டா வெள்ளையா தெரியும்.

நூல்கண்டு:
மஞ்சள் முழுசா போனப்புறம்னா சரிங்க அக்கா. இப்பவே போட்டா பச்சை கலந்த சாம்பல் திட்டாகும்.

சுழல்தொட்டி:
இவ்வளவு பாடு எதுக்கு? தலகாணி உறைக்குள்ள போட்டு, கூட ரெண்டு பழைய துண்டு, வாஷிங் மெஷின்ல 30 டிகிரி, எக்ஸ்ட்ரா ரின்ஸ். கையால அலசுறதைவிட சோப்பு நல்லா போகும்.

கரிசக்காடு:
மெஷின்ல போட்டா சோல் பிரியும்.

சுழல்தொட்டி:
கேன்வாஸ் ஷூவுல சோலைச் சூடு பண்ணி ரப்பரோட ரப்பரா இறுக்கியிருப்பாங்க, அவ்வளவு சீக்கிரம் பிரியாது. பசை வச்சு ஒட்டின ஸ்போர்ட்ஸ் ஷூவுக்குத்தான் அந்த பயம்.

கரிசக்காடு:
இங்க விக்குற மலிவு கேன்வாஸ்ல பாதி பசை ஒட்டுதான். அதுவுமில்லாம நம்ம வீட்ல யாரு டிகிரி பார்த்து வைக்கிறாங்க? ஃப்ரன்ட் லோடுல காட்டன் புரோகிராம்னு திருப்பிவிட்டா 40 இல்ல 60ல ஓடும். பசை இளகும்.

சுழல்தொட்டி:
டாப் லோடு பாதிப் பேர்கிட்ட ஹீட்டரே இல்ல. அப்புறம் என்ன?

போர்வெல் பாபு:
டாப் லோடுல போர் தண்ணின்னா திரும்ப இரும்புதான் 😀

ஆய்வுக்கூடம்:
கேட்டது மஞ்சள் திட்டு. மெஷின் சண்டைக்குத் தனி விவாத இழை இருக்கிறது.

ஓட்டைவாளி:
வினிகர் + டிஷ்யூ செஞ்சேன். முக்கால்வாசி போயிடுச்சு. பேப்பர் டீ கலர்ல ஆச்சு. தையல்ல மட்டும் லேசா இருக்கு. நன்றி.

நூல்கண்டு:
வினிகரும் அலசலும் இன்னொரு தடவ. அப்பவும் தையல்ல நின்னா மெடிக்கல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்க. 20 வால்யூம்னு போட்டிருந்தா அது சுமார் 6%, சம அளவு தண்ணி கலந்து பஞ்சுல தொட்டு தையல் மேல மட்டும், அரைமணி நேரம், அலசல். கையுறை போட்டுக்கோங்க. வினிகரோட சேர்க்காதீங்க. ப்ளீச்ச இனிமே தொடாதீங்க.

புதுவரவு_மதுரை:
அண்ணா ஸ்வேட் ஷூவுக்கும் இதே முறைதானா? பிரவுன் கலர், குழம்பு கொட்டிடுச்சு.

நூல்கண்டு:
ஸ்வேட் மெத்துன்னு பூ விட்ட தோல், அதுல தண்ணியே காட்டாதீங்க! எண்ணெய் இழுக்க மேல கார்ன் ஃப்ளாரைக் கொட்டி ராத்திரி முழுக்க விட்டு, காலையில பிரஷ்ல தட்டி எடுங்க. மஞ்சள்தூள் கறைக்கு இங்க தனி விவாத இழை போடுங்க, எத்தனை மணி நேரம் ஆச்சுன்னும் சொல்லுங்க.